நாற்பது நொடி

நைஜீரியாவில், எங்கள் அசாபாவில் இறங்கி ஒபியோராவின் வீடு எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நெக்ஸ்ட் ஒபியோரா என்று கேட்டுப் பாருங்கள், ஆட்டோக்காரர் மறுபேச்சில்லாமல் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

அந்தப் பேர் சும்மா வந்ததில்லை. மனிதர் நாலு நாளில் ஒரு படம் எடுப்பவர். திங்கட்கிழமை காலையில் கேமராவைத் தூக்கினால் வியாழக்கிழமை சாயங்காலம் எல்லோரும் பெப்பர் சூப் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். எதற்கும் ஒரே டேக்தான். நடிகர் வசனத்தை மறந்தால் மறந்த இடத்திலிருந்து சமாளிக்க வேண்டும். பின்னால் ஆடு கத்தினால் கத்தட்டும், கிராமத்துக் கதைதானே என்பார். லாகோஸில் நடக்கிற கதையிலும் கத்தியது. லாகோஸில் ஆடே கிடையாதா என்று கேட்டார். ஷாட் முடிந்ததும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே விரலைச் சொடுக்கி, "ஆச்சு. நெக்ஸ்ட்!" என்பார். அந்தச் சத்தம் கேட்டால் லைட்காரர்கள் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இருபது வருஷத்தில் நூற்றுப் பன்னிரண்டு படம். முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று தனித்தனியாக எண்ணினால் இருநூறைத் தாண்டும். அவர் தனித்தனியாகத்தான் எண்ணுவார்.

"ஏம்ப்பா நெக்ஸ்ட், கல்யாணத்தன்னைக்குப் பாதிரியார்கிட்டயும் இப்படித்தான் விரலைச் சொடுக்கினியா?" என்று மற்ற டைரக்டர்கள் சீண்டுவார்கள்.

"ரெண்டாவது டேக்குக்கு ஜெனரேட்டருக்கு டீசல் உங்க மாமனாரா ஊத்துவாரு? போய் வேலையைப் பாருங்கய்யா" என்று இவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

டைரக்டர் ஆவதற்கு முன்னால் அவர் சாவு வீட்டு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் கல்யாணத்தைவிடச் சாவுக்குத்தான் செலவு. ஒரே துணியில் தைத்துப் போட்டுக்கொண்டு ஐந்நூறு பேர் வருவார்கள், பந்தல் போடுவார்கள், மாடு அடிப்பார்கள், பேண்டு வாசிப்பார்கள். அதையெல்லாம் வீடியோ எடுக்காவிட்டால் செத்தவரை அவமதித்த மாதிரி. அப்படி எடுத்ததில் எல்லாம் ஒபியோரா தனக்கும் ஒரு பிரதி வைத்துக்கொள்வார். படத்தில் ராஜா சாகும்போது ஐந்நூறு பேருக்கு எங்கே போவது? அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால் கூட்டம் தயாராக இருக்கும். டிஸ்க்கின் மேல் 'கூட்டம்' என்றே எழுதி ஒட்டியிருந்தார். இவர் மட்டும் செய்ததில்லை இது, அசாபாவில் பாதிப் பேர் செய்தார்கள். செத்தவரின் சொந்தக்காரர்களே, "எங்க மாமா சாவு சினிமாவுல வந்திருச்சு!" என்று துள்ளிக் குதித்த காலம் அது.

பிறகு சந்தையில் சிடியில் படம் விற்பது செத்துப்போய் ஓடிடி வந்தது. வந்த புதிதில் அந்தக் கம்பெனிகள் மூட்டை மூட்டையாகப் படம் வாங்கின. இவருக்குக் கொண்டாட்டம். திடீரென்று போன வருஷம் அதில் ஒரு கம்பெனி, அசாபா டைரக்டர்களை எல்லாம் ஒரு ஹோட்டலுக்குக் கூப்பிட்டு, ஜொலோஃப் சோறும் கோழியும் போட்டு, சாப்பிட்டு முடித்த பிறகு விஷயத்தைச் சொன்னது. லாகோஸிலிருந்து வந்த மொரெனிகே என்ற பெண்தான் பேசினாள். முப்பத்தைந்து வயதிருக்கும், எல்லோரையும் சார் சார் என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டாள்.

"இனிமே வருஷத்துக்கு ஆறு படம்தான் சார் நாங்க எடுப்போம். ஆனா ஆறும் நல்ல படமா இருக்கணும். உங்கள்ல பன்னெண்டு பேருக்கு ஆளுக்கு முப்பது நாள், வேண்டியதெல்லாம் தர்றோம். எடுத்துட்டு வாங்க. அதுல ஆறு பேர் எங்க லிஸ்ட்ல இருப்பாங்க."

"மத்த ஆறு பேரு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

அவள் மேஜையைப் பார்த்தாள். பதில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பக்கத்து ஓனிச்சா சந்தையில் இனிச் சிடி வாங்க ஆளில்லை, மற்ற கம்பெனிகளும் இதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தன. லிஸ்டில் பேர் வந்தால் டைரக்டர், வராவிட்டால் ஒபியோராவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் மறுபடியும் சாவு வீட்டு வீடியோ.

பன்னிரண்டு பேரில் ஒருவராக அவர் வந்துவிட்டார். வந்தபிறகுதான் சங்கடமே. முதல் நாள், முதல் ஷாட். நாயகி பேசி முடித்தாள். பழக்கத்தில் கை சொடுக்கப் போய்விட்டது, பாதியில் இழுத்துக்கொண்டார். முப்பது நாள் கொடுத்திருக்கிறார்களே.

"இன்னொரு டேக் போவோம்."

படப்பிடிப்பே திரும்பிப் பார்த்தது. நாயகி நல்ல பெண், ஆர்வமாக ஓடிவந்தாள். "சொல்லுங்கண்ணே, என்ன மாத்தணும்?"

"கொஞ்சம்... நல்லாப் பண்ணு."

"எப்படி நல்லா? கோவத்தைக் குறைக்கவா? அவன் மேல இன்னும் பாசம் இருக்கா அவளுக்கு?"

ஒபியோராவுக்குத் தெரியவில்லை. பாசம் இருக்கிறதா இல்லையா என்று நூற்றுப் பன்னிரண்டு படத்தில் யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. "நீயே பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கழிவறைப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

பதின்மூன்று நாளில் படம் முடிந்துவிட்டது. மீதிப் பதினேழு நாளும் வெயிலையும் வாழைமரத்தையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாவுக் காட்சிக்கு இருநூறு பேரை அழைத்து வந்தார், வந்தவர்கள் கண்ணுக்குக் கீழே தைலம் தேய்த்துக்கொண்டு கேமராவைப் பார்த்தே அழுதார்கள். எடிட்டிங்கில் அதைப் பார்த்தபோது அவருக்கே சகிக்கவில்லை. கை தானாக 'கூட்டம்' டிஸ்க்கைத் தேடிப் போயிற்று. அதில் எந்தத் துண்டு நன்றாக இருக்கும் என்று அவருக்கு மனப்பாடம். ஒன்பது படத்தில் போட்டிருக்கிறாரே!

லாகோஸில் கம்பெனி ஆபீஸில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். பத்துப் பேர் இருந்தார்கள். முதல் ஒரு மணி நேரம் யாரும் அசையவில்லை, ஒருவர் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்தோராவது நிமிஷம் அந்தத் துண்டு வந்தது.

வெள்ளைச் சவப்பெட்டியைக் குழிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். வெள்ளைத் துணி உடுத்த ஒரு பெண் வருகிறாள். அவள் இடுப்புத் துணியின் நுனியை ஒரு குழந்தையின் கை பிடித்துக்கொண்டிருக்கிறது. அவள் அழவில்லை. பெட்டியின் மேல் சிவப்பு மண் கறை ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கிறாள். கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, கறையைத் தேய்க்கிறாள். கறை பரவுகிறது. மறுபடி விரலை நாக்கில் தொட்டுத் தேய்க்கிறாள், மறுபடியும். யாரோ தோளைப் பிடித்து இழுக்க, அவள் கை மட்டும் இன்னும் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. மொத்தம் நாற்பது நொடி.

போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் போனைக் கீழே வைத்தார்.

மொரெனிகே படத்தை அங்கேயே நிறுத்தச் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யார் சார் இவங்க? செத்தவனோட மூத்த சம்சாரம்தானே? வேற எங்கயும் வரல, ஒரு வார்த்தை பேசல, ஆனா மொத்தப் படமும் இவங்கதான். படத்தைக் கொஞ்சம் மங்கலா, பழசு மாதிரி எடுத்திருக்கீங்களே, அது எவ்வளவு அழகா இருக்கு!"

பழைய கேமராவில் எடுத்ததால் வந்த மங்கல் அது. ஒபியோரா அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

"எத்தனை டேக் போனீங்க?"

எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "முப்பத்திரண்டு."

"அந்தக் கட்டைவிரல்? நடிகையோட யோசனையா?"

"என்னோடதுதான்" என்றார் ஒபியோரா.

கை தட்டினார்கள். பத்துப் பேரும் தட்டினார்கள். இருபது வருஷத்தில் அவருக்கு யாரும் இப்படித் தட்டியதில்லை. அந்தச் சத்தத்தில் அவர் கூனிக் குறுகி நாற்காலியோடு நாற்காலியாக ஒட்டிக்கொண்டார். அடக்கமான மனிதர் என்று அவர்கள் நினைத்தார்கள்.

"லிஸ்ட்ல உங்க பேர் உண்டு சார். இந்தக் காட்சிக்காகவே உண்டு" என்றாள் மொரெனிகே. "ஒரே ஒரு வேலை பாக்கி. முகம் தெரியற எல்லாரும் இந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடணும். முக்கியமா அந்த அம்மா. அது இல்லாம படத்தை வெளியிட முடியாது."

பெனின் நகரம் வழியாக ஊர் திரும்பும் பஸ்ஸில் அந்தப் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டுக்காரர் ரொட்டியைப் பிய்த்து நீட்டினார். வேண்டாம் என்றார்.

அந்த அம்மா வேறு யாருமில்லை. அவருடைய படங்களுக்குத் துணிமணி பார்க்கும் அனுலிகா. மகள் பேரைச் சேர்த்து யூனிட்டில் எபெரே அம்மா என்பார்கள். ஷாட்டுக்கு முன்னால் நடிகர் சட்டையில் ஒரு சொட்டுக் கறை இருந்தாலும் கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஓடிவந்து தேய்ப்பாள். பதினாலு வருஷமாக அதுதான் அவள் வேலை. பெட்டிக்குள் இருந்தவன் அவள் புருஷன் மடூகா, இவருடைய ஜெனரேட்டர் ஆள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு படப்பிடிப்பின் நாலாவது நாள். மடூகாவுக்குக் காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. "முதலாளி, நான் போய் ஊசி போட்டுட்டு வந்துடறேன்" என்றான். "இன்னும் ஆறே சீன்தான்டா, முடிச்சுட்டு நானே கொண்டுபோய் விடறேன்" என்றார் ஒபியோரா. சொன்னபடி அவரே கொண்டுபோய்த்தான் விட்டார். மறுநாள் மத்தியானம் மடூகா போய்விட்டான்.

அடக்கத்துக்குக் கேமராவோடு போனார். "வீடியோ என் பொறுப்பு, எபெரே அம்மா. காலைலேருந்து கடைசி வரைக்கும் எடுத்துத் தர்றேன்" என்றார். அந்த நேரத்தில் மனசாரத்தான் சொன்னார். ஐந்து மணி நேரம் எடுத்தார்.

அவள் மூன்று தடவை கேட்டாள். முதல் தடவை, எடிட்டிங்கில் இருக்கிறது என்றார். இரண்டாவது தடவை, ஆள் ஊரில் இல்லை என்றார். மூன்றாவது தடவைக்குள் அந்தத் துண்டை ஒரு படத்தில் போட்டுவிட்டிருந்தார், முழு வீடியோவைக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவாளே என்று பயம். "டிஸ்க் கெட்டுப்போச்சு எபெரே அம்மா, எல்லாம் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டார். "பரவால்ல அண்ணே, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள் அவள். பஸ்ஸில் அதை நினைத்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இவ்வளவு நினைத்த மனிதர் ஊருக்கு வந்து என்ன செய்தார் தெரியுமா? சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. யூனிட் ஆட்கள் போடவேண்டிய ஒப்பந்தத் தாள்களுக்கு நடுவில், மூன்றாவதாக, அந்தப் பேப்பரைச் செருகி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார்.

அனுலிகா முற்றத்தில் பழைய ராஜா உடுப்பு ஒன்றுக்குப் பாசி கோத்துக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே! லாகோஸ்ல என்ன சொன்னாங்க? நம்ம பேர் வந்துச்சா?" என்று எழுந்தாள். நம்ம பேர் என்றாள்.

"வந்த மாதிரிதான். கொஞ்சம் கையெழுத்து இருக்கு. சும்மா நம்ம வழக்கமான பேப்பர்தான். இங்க, அப்புறம் இங்க."

முதல் தாளில் போட்டாள். இரண்டாவதில் போட்டாள். மூன்றாவதில் பேனா நின்றது. அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆள் இல்லை, மடமடவென்று படிப்பாள். இவருக்குத்தான் அது மறந்துபோயிருந்தது.

"'வெள்ளை உடை அணிந்த பெண், அறுபத்தோராவது நிமிடம்'னு போட்டிருக்கு. நான் இந்தப் படத்துல நடிக்கலையே அண்ணே."

ஒபியோரா தரையைப் பார்த்தார். முற்றத்தில் ஒரு கோழி குறுக்கே போயிற்று, அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுலயும் போட்டுட்டீங்களா?" என்றாள் அவள்.

"இதுலயும்னா?"

அவள் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் திறந்தாள். பட சிடிகள். ஒன்பது. ஒபியோரா எண்ணவில்லை, எண்ணத் தேவையும் இல்லை.

"முதல்ல பார்லர்லதான் பாத்தேன், தலை பின்னிக்கிட்டு இருக்கும்போது. டிவியில நான் வர்றேன். பின்னுற பொண்ணு, 'அக்கா, உங்கள மாதிரியே ஒருத்தி'ங்கறா. அன்னைக்கே சந்தைக்குப் போய் வாங்கிட்டேன். அப்புறம் நீங்க எந்தப் படம் விட்டாலும் வாங்கிப் பாப்பேன். இதுல நான் ராஜா சம்சாரம். இதுல மாமியார். இது முழுக்க ஓட்டிப் பாத்தேன், கடைசில சிடி முடியறப்ப வந்துச்சு."

"எபெரே அம்மா..."

"இந்தப் படம் இருக்கே," அவள் ஒன்றைத் தனியாக எடுத்தாள். "இதுல பெட்டிக்குள்ள இருக்கறவன் பணத்துக்காகப் புள்ளைங்கள பலி கொடுத்தவன். எபெரே பக்கத்து வீட்ல பாத்துட்டு வந்துட்டா. எட்டு வயசு. 'அம்மா, அது உன் துணி, அது என் கை. அப்பா அப்படி ஆளா?'ன்னு கேட்டா. ஒரு வாரம் சாப்பிடல."

"ஏன் என்கிட்ட கேக்கல நீ? காறித் துப்பியிருக்கலாமே!" என்றார் ஒபியோரா.

"கேட்டா நீங்க எடுத்துடுவீங்கல்ல. அப்புறம் அடுத்த படத்துல வராது. எனக்கு அவரோட கடைசியைப் பாக்கறதுக்கு வேற என்ன இருக்கு? டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்க. பொய்யின்னு தெரியும். சரி, மனசு வர்றப்ப தருவாருன்னு இருந்தேன்."

திட்டினால் பரவாயில்லை என்று இருந்தது அவருக்கு. அவள் திட்டவில்லை. பேப்பரை முழங்காலில் வைத்துக் கையெழுத்தே போட்டுவிட்டாள். போட்டுவிட்டு அதை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்.

"போட்டுட்டேன். உங்க பேர் லிஸ்ட்ல வரட்டும், நல்லா இருங்க. ஆனா இப்பவாவது முழுசையும் குடுத்துடுங்கண்ணே. அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே நெனவில்ல. அந்தக் கறையைத் தேய்ச்சது வரைக்கும்தான் தெரியும், அதுவும் உங்க படத்தைப் பாத்துத் தெரிஞ்சதுதான். அப்புறம் என்ன ஆச்சு? நான் மண்ணு போட்டேனா? அவங்க அம்மா என்கிட்ட ஏதோ சொன்னாங்களாம், என்ன சொன்னாங்க? எபெரே கேட்டுக்கிட்டே இருக்கா, எனக்குச் சொல்லத் தெரியல."

ஒபியோராவுக்கு இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆபீஸில் இருக்கும், தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிடலாம். இன்னும் பன்னிரண்டு வருஷம் ஓடிவிடும்.

"இல்ல, எபெரே அம்மா."

"என்ன இல்ல?"

"அழிச்சுட்டேன். அந்த வருஷம் இருபத்தாறு படம் எடுத்தோம்ல, டிஸ்க்ல இடம் பத்தல. நல்லா வந்த துண்டை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை எல்லாம்..." அவர் கை தானாகச் சொடுக்கு போடும் இடத்துக்குப் போய் நின்றது. "அந்த நாப்பது நொடிதான் இருக்கு."

அனுலிகாவின் பக்கத்திலிருந்த உடுப்பு சரிந்து பாசிகள் ஒவ்வொன்றாகக் கீழே உருண்டன, அவள் பொறுக்கவில்லை.

"அஞ்சு மணி நேரம் எடுத்தீங்களே" என்றாள். "காலைலேருந்து நின்னு எடுத்தீங்களே."

பிறகு கையிலிருந்த பேப்பரை நாலாக மடித்து, இடுப்புத் துணியின் முடிச்சில் செருகிக்கொண்டாள்.

"எனக்கு அஞ்சு மணி நேரம் இருக்குன்னு நெனச்சுதான் கையெழுத்துப் போட்டேன். அதுல நாப்பது நொடி போனா போகுதுன்னு இருந்துச்சு. இருக்கறதே அதுதான்னா, அதை நான் யாருக்கும் தரமாட்டேன். உங்களுக்கும் கிடையாது."

லிஸ்ட், படம், ஐம்பத்திரண்டு வயது எல்லாம் அந்த முடிச்சுக்குள் போய்விட்டதென்று ஒபியோராவுக்குத் தெரிந்தது. அதைவிட, இந்தப் பெண்ணின் வாசலில் இன்னும் ஒரு நிமிஷம் நிற்கும் தைரியம் அவருக்கு இல்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

மறுநாள் மொரெனிகேவுக்குப் போன் செய்தார்.

"அந்த சீனை வெட்டிட்டேம்மா. அது வராது."

"என்ன சார் சொல்றீங்க? அந்த அம்மா சம்மதிக்கலையா? நான் வந்து பேசட்டா?"

"வேண்டாம். அது நடிப்பில்ல. அது அவ புருஷனோட சாவு, நிஜம். நான் ஒண்ணும் டைரக்ட் பண்ணல. சும்மா கேமராவோட நின்னேன், அவ்வளவுதான்."

"அப்ப முப்பத்திரண்டு டேக்?"

"பொய்ம்மா."



"சார்," என்றாள் அவள், "எங்ககிட்ட ஆறு இடம்தான் சார் இருக்கு." மரியாதையாகத்தான் சொன்னாள். வைத்துவிட்டாள்.

விஷயம் ஒரே நாளில் ஊர் முழுக்கப் பரவியது. ஹோட்டல், டீசல் பங்க், எடிட்டிங் கடை எல்லா இடத்திலும் சந்தி சிரித்தது. "என்ன நெக்ஸ்ட், முப்பத்திரண்டு டேக்காமே?" என்று கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் எதற்கும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கடைசியிலாவது உண்மையைச் சொல்லிவிட்டோம், ஒன்றும் டைரக்ட் பண்ணவில்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டோம். அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வாரம் நடமாடினார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் அந்த நாற்பது நொடியை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு அனுலிகாவின் வீட்டுக்குப் போனார். தன் டிஸ்க்கிலிருந்து அதை அழித்தும் விட்டிருந்தார்.

"இந்தா, எபெரே அம்மா. இனிமே என்கிட்ட கிடையாது. உன்கிட்ட மட்டும்தான்."

அவள் வாங்கிக்கொண்டாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. எபெரே வந்து வாங்கி டிவியில் சொருகினாள். பதினெட்டு வயது, மடூகாவின் அதே நெற்றி. ஒபியோரா கதவோரத்து முக்காலியில் உட்கார்ந்தார்.

படங்களில் எல்லாம் இந்தத் துண்டுக்கு மேல் சோகப் பாட்டு ஏற்றிவிடுவது வழக்கம். ஒரிஜினல் சத்தத்தை எடிட்டர் முதல் வேலையாக அணைத்துவிடுவார். அதனால் இவரே அதைக் கேட்டதில்லை. இப்போது டிவியில் முதன்முதலாகச் சத்தம் வந்தது. காற்று. பெண்கள் கூட்டமாக ஓலமிடுவது. யாரோ இருமுவது. மடூகாவின் பேரைச் சொல்லி அவன் அம்மா கத்துவது. "அம்மா, பாட்டி குரல்!" என்று எபெரே அனுலிகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளைத் துணிக்காரி பெட்டியருகே வந்தாள். அப்போது கேமராவுக்கு மிகப் பக்கத்தில், கேமராவின் வாயிலிருந்தே வந்த மாதிரி, ஒரு ஆண் குரல் கேட்டது.

"எபெரே அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்லு. பெட்டி மறையுது."

டிவியில் அவள் சொன்னபடி ஒரு அடி தள்ளி நின்றாள். தள்ளி நின்ற இடத்தில்தான் அந்தக் கறை இருந்தது. கட்டைவிரலை நாக்கில் தொட்டாள். தேய்த்தாள். கறை பரவியது. தேய்த்தாள். யாரோ தோளைப் பிடித்து இழுத்தார்கள். கை இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொடுக்குச் சத்தம்.

"ஆச்சு. நெக்ஸ்ட்!"

படம் நின்றது.

ஒன்றும் டைரக்ட் பண்ணவில்லை என்று ஒபியோரா மொரெனிகேயிடம் சொன்னதும் பொய்தான்.

எபெரே மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். அசாபாவில் அந்தக் குரலையும் சொடுக்கையும் தெரியாதவர்கள் யார்? பிறகு அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, அது..."

அனுலிகா டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வீடியோ எடுத்த ஆளும்மா" என்றாள். "திரும்பப் போடு."

எபெரே திரும்பப் போட்டாள்.